வட்டியில்லா நிதி ஸ்தாபனங்களை எடைபோடுவது எப்படி?

வட்டி வாங்குவதும் கொடுப்பதும் பாவம் என்று உளமார நம்பி, அந்தப் பாவத்தின் நிழல்கூடப் படாமல் தம் சேமிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று விரும்புகிற குடும்பங்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் மலேசியாவிலும் ஏராளமாக இருக்கின்றன. அவர்களுடைய விருப்பத்தை நிறைவேற்றுவதாகச் சொல்லி எழுந்த ஸ்தாபனங்களுள் நாணயமும் திறமையும் உடையவை உண்டு. நாணயம் இருந்தும் திறமையின்றித் தள்ளாடுபவை உண்டு. மார்க்கத்தின் பெயரைச் சொல்லிப் பொதுமக்களை மோசம் செய்தவையும் உண்டு. இம்மூன்றையும் பிரித்தறியத் தெரிந்துகொள்வது பணம் போடுகிற ஒவ்வொருவருக்கும் அவசியம். ஹலால் என்ற முத்திரை ஒப்பந்தத்தின் தன்மையைக் குறிக்குமே அல்லாமல் அதை நடத்துகிறவரின் யோக்கியதைக்குச் சாட்சியாகாது. அந்தச் சாட்சியைக் கணக்குப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.

பணம் போடுகிறவரின் ஸ்தானம்

சாதாரண வங்கியில் பணம் போடுகிறவர், சட்டத்தின் கண்ணில் அந்த வங்கிக்குக் கடன் கொடுத்தவர். வங்கிக்கு லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் முதலும் வட்டியும் அவருக்கு வந்து சேர வேண்டியவை. முழாரபா என்னும் ஒப்பந்தத்தில் அவருடைய ஸ்தானம் வேறு. அங்கே அவர் முதல் கொடுத்த பங்காளி. ஸ்தாபனம் உழைப்பைக் கொடுத்து வியாபாரம் நடத்தும் பங்காளி. லாபம் வந்தால் முன்பே பேசிக்கொண்ட விகிதப்படி இருவரும் பிரித்துக்கொள்கிறார்கள். நஷ்டம் வந்தால் அது முழுவதும் முதல் கொடுத்தவரைச் சேர்கிறது, நடத்தியவருக்கு உழைப்பு வீணானதே நஷ்டம். ஆனால், அந்த நஷ்டம் நடத்தியவரின் அசட்டையாலோ, முறைகேட்டாலோ, ஒப்பந்தத்தை மீறியதாலோ நேர்ந்திருந்தால் அதை அவரே ஈடுசெய்ய வேண்டும் என்று ஃபிக்ஹு சட்ட அறிஞர்கள் தெளிவாக விதித்திருக்கிறார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பெறப்படுகின்றன. லாபத்தில் பங்கு என்று பெயர் சொல்லிக்கொண்டே, போட்ட முதலுக்கு மாதந்தோறும் இவ்வளவு நிச்சயம் என்று வாக்களிக்கிற ஸ்தாபனம், தான் உரைக்கும் தத்துவத்தைத் தானே மீறுகிறது என்பது ஒன்று. நஷ்டத்தில் பங்கு கொள்ளச் சம்மதித்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை கடன் கொடுத்தவரைக் காட்டிலும் அதிகமே அன்றிக் குறைவல்ல என்பது மற்றொன்று. கணக்குக் கேட்பது அவநம்பிக்கை ஆகுமோ என்று கூசுகிறவர்கள், திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சிகளை நிறுத்தவும் கட்டளையிடுவதை நினைவுகூர்தல் நலம்.

எவற்றைக் கொண்டு அளப்பது?

முதலாவதாகப் பார்க்கத்தக்கது மூலதனம். கடன்கள் வராமல் போகும் காலத்தில் முதல் அடியைத் தாங்க உடைமையாளர்களின் சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்பதை மூலதனப் போதுமை விகிதம் காட்டுகிறது. இதற்கு ஒரு குறைந்தபட்ச வரம்பை மத்திய வங்கி விதித்திருக்கும். இரண்டாவது, வாராக்கடன். முராபஹா முறையில் பொருளை வாங்கி லாபம் வைத்துத் தவணைக்கு விற்றாலும், இஜாரா முறையில் குத்தகைக்கு விட்டாலும், தவணை கட்டாதவர்கள் எங்கும் உண்டு. நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் இப்படி முடங்கிக் கிடக்கிறது, அதற்கு எதிராக எவ்வளவு ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, செலவு விகிதம். நிர்வாகத் திறமையின் நேரடி அளவு இதுவே: சம்பாதித்த நூறு ரூபாயில் சம்பளம், வாடகை, விளம்பரம் முதலியவற்றுக்கு எவ்வளவு போகிறது என்பது. இது குறைவாக இருப்பது சிலாக்கியம். ஆயினும், கடன் கேட்பவரைச் சரியாக விசாரிக்காமல் வாரிக் கொடுக்கிற ஸ்தாபனத்திலும் செலவு குறைவாகத்தான் தெரியும். ஆகையால் இதை வாராக்கடனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள், பல வங்கிகளின் ஆட்செலவையும் முதலையும் ஒருபுறமும், அவை ஈட்டிய வருமானத்தை மறுபுறமும் வைத்து, இருப்பவற்றுள் சிறந்ததை எல்லைக்கோடாகக் கொண்டு மற்றவற்றை அளக்கிறார்கள். அது பயனுள்ள முறையே. ஆனால் எல்லா வங்கிகளும் நலிந்திருக்கும் நாட்டில், அவற்றுள் குறைவாக நலிந்தது நூற்றுக்கு நூறு மதிப்பெண் பெற்றுவிடும் என்பதையும் மறக்கலாகாது.

நான்காவதும் ஐந்தாவதும் இஸ்லாமிய நிதி ஸ்தாபனங்களுக்கே உரியவை. நல்ல ஆண்டின் லாபத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்து, மெலிந்த ஆண்டில் பங்காளிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் அவற்றுள் பலவற்றில் உண்டு. இந்த லாபச் சமன்பாட்டு நிதியினால், உள்ளே நிலைமை ஏறி இறங்கினாலும் வெளியே பங்கு விகிதம் மாறாமல் தோன்றும். எனவே கைக்கு வந்த லாபத்தோடு அந்த நிதியின் இருப்பையும் கேட்டறிய வேண்டும். அடுத்தது ஷரீஅத் மேற்பார்வைக் குழுவின் ஆண்டறிக்கை. மார்க்கத்துக்கு ஒவ்வாத வருமானம் எவ்வளவு வந்தது, அது தர்மத்துக்குச் செலவிடப்பட்டதா, தாமதத்துக்காக வாங்கிய அபராதம் ஸ்தாபனத்தின் லாபத்தில் கலந்துவிட்டதா என்பவற்றை அந்த அறிக்கை சொல்ல வேண்டும். பஹ்ரைனில் 1991 முதல் இயங்கும் இஸ்லாமியக் கணக்கியல், தணிக்கை அமைப்பும், கோலாலம்பூரில் 2002-இல் தோன்றிய இஸ்லாமிய நிதிச் சேவைகள் வாரியமும் இவற்றுக்கெல்லாம் தரங்களை வகுத்திருக்கின்றன.

அளவுகோலே பொய்யாகும் அபாயம்

அளவுகோல்கள் இருந்தும் அளக்கிறவர் உண்மையாய் அளக்காவிட்டால் விளைவு என்ன என்பதை வங்காளதேசம் உலகுக்குக் காட்டியது. 1983-இல் இஸ்லாமிய வங்கி முறையைத் தொடங்கி, அதில் பெரும் வளர்ச்சி கண்ட அந்நாட்டில், 2024 ஆகஸ்டில் ஆட்சி மாறிய பிறகு, இஸ்லாமிய முறையில் நடந்த ஐந்து வங்கிகளின் கடன்கள் புதிதாகப் பரிசோதிக்கப்பட்டன. அதுவரை ஏட்டில் சிறிதாகக் காணப்பட்ட வாராக்கடன், மூன்று வங்கிகளில் கொடுத்த கடன் முழுவதிலும் நூற்றுக்கு 90-க்கு மேல் என்று தெரிய வந்தது. ஐந்தில் நான்கு வங்கிகள் ஒரே வணிகக் குழுமத்தின் பிடியில் இருந்தன. 2025 நவம்பரில் மத்திய வங்கி அவற்றின் இயக்குநர் குழுக்களைக் கலைத்து, ஐந்தையும் ஒன்றாக இணைக்கும் பணியை மேற்கொண்டது. வட்டியில்லா முறையின் குற்றம் அன்று இது. ஒரே கூட்டத்தாருக்குக் கடன் குவிவதையும், திரும்பாத கடனைத் திரும்பும் கடனாக எழுதுவதையும் தடுக்கத் தவறிய மேற்பார்வையின் குற்றம். கடன்கள் யார் யாருக்குப் போயிருக்கின்றன என்பதையும், இயக்குநர்களைச் சார்ந்தவர்களுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்பதையும் தணிக்கை அறிக்கையில் தேடிப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

அனுமதியே இல்லாத இடங்கள்

இந்தியாவின் நிலைமை வேறு. இங்கே இஸ்லாமிய வங்கிக்கு அனுமதி கிடையாது. அந்த யோசனையை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்ததாக 2017-இல் வெளியாயிற்று. ஆகவே, ஹலால் வங்கி என்றோ ஹலால் வைப்பு என்றோ சொல்லி இங்கே பொதுமக்களிடம் பணம் திரட்டுகிற இடத்தை மத்திய வங்கி கண்காணிப்பதில்லை. அந்த வெற்றிடத்தில் வளர்ந்ததுதான் பெங்களூருவின் ஐ.எம்.ஏ. என்னும் ஸ்தாபனம். பணம் போட்டவர்களைக் கூட்டு வணிக நிறுவனங்களின் பங்காளிகளாகப் பதிவு செய்து, மாதந்தோறும் லாபம் என்று கொடுத்துவந்த அது, 2019 ஜூனில் நிலைகுலைந்தது. அதன் அதிபர் நாட்டை விட்டே போய், அடுத்த மாதம் திரும்பி வந்தபோது கைதானார். மகளின் கலியாணத்துக்கு வைத்திருந்ததையும், ஓய்வு பெற்றபோது கிடைத்ததையும், நகை விற்ற பணத்தையும் அங்கே போட்டிருந்த பல்லாயிரம் குடும்பங்கள் புகார் கொடுக்க வரிசையில் நின்றன. நியாயமான வியாபாரம் ஈட்டக்கூடியதற்கு மிஞ்சிய லாபம் தவறாமல் வருமானால், அது புதிதாக வந்தவரின் முதலிலிருந்தே வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும் என்பது அங்கே விலை கொடுத்துக் கற்ற பாடம்.

பங்காளி என்று கையெழுத்திடுவதில் சட்டச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டு நிறுவனத்தில் பங்காளி செலுத்தும் மூலதனத்தை வைப்புத் தொகையாகக் கொள்வதில்லை. எனவே மோசம் செய்தவர் அந்த விலக்கைக் காட்டித் தப்பப் பார்ப்பார். படிக்காமல் எந்தப் பத்திரத்திலும் ஒப்பமிடாதீர்கள்.

உரிமைகளும் பரிகாரங்களும்

இந்தியாவில், அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்புக்கு விளம்பரம் செய்வதே மேற்சொன்ன சட்டப்படி குற்றம். வைப்பைப் பெற்றவருக்கு 2 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மோசடி ஸ்தாபனத்தின் சொத்துகளை முடக்கவும், தனி நீதிமன்றத்தின் மூலம் அவற்றை விற்றுப் பணம் போட்டவர்களுக்குப் பங்கிடவும் வழி செய்கிறது. புகார் பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல்துறையிடம் கொடுக்கப்பட வேண்டும். ரிசர்வ் வங்கியின் சச்சேத் இணையதளத்திலும் தெரிவிக்கலாம். சொத்து கைமாறுவதற்குள் கொடுத்த புகாருக்கே பலன் அதிகம். ரசீது, பத்திரம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இலங்கையில் வங்கிச் சட்டம் 2005-இல் திருத்தப்பட்டு இஸ்லாமிய முறை வங்கித் தொழிலுக்கு இடம் கொடுத்தது. முழுமையாக அந்நெறியில் நடக்கும் அமானா வங்கி 2011-இல் தொழிலைத் தொடங்கியது. அனுமதி பெற்ற வங்கிகளின் வைப்புகளுக்கு, ஒருவருக்கு ஒரு ஸ்தாபனத்தில் என்ற கணக்கில், காப்புறுதித் தொகை 2021-இல் 11 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. குறை இருந்தால் முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிட்டு, தக்க பதில் வராவிடில் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை நாடலாம்; நிதி ஒம்புட்ஸ்மனிடமும் செல்லலாம்.

மலேசியாவில் 2013-ஆம் ஆண்டு இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம், வைப்புக் கணக்கையும் முதலீட்டுக் கணக்கையும் தெளிவாகப் பிரித்திருக்கிறது. வைப்புக்கு 250,000 ரிங்கிட் வரை காப்புறுதி உண்டு. முதலீட்டுக் கணக்குக்கு அது கிடையாது, முதலும் குறையலாம். ஒரே வங்கியின் ஒரே மேசையில் இரண்டும் கொடுக்கப்படுவதால், எந்தக் கணக்கு என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவது உங்கள் உரிமை.

ஆகவே, பணம் போடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: அனுமதி கொடுத்தவர் யார்? தணிக்கை செய்யப்பட்ட கணக்கு எங்கே? லாபம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது? நஷ்டம் வந்தால் யார் தாங்குவது? ஜமாஅத் நிர்வாகிகளும் உலமாப் பெருமக்களும், இந்நான்குக்கும் எழுத்தில் பதில் கிடைக்காத எந்த ஸ்தாபனத்துக்கும் பள்ளிவாசலில் ஆதரவு தேட இடம் கொடுக்கலாகாது. உழைத்துச் சேர்த்த பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கும்படி எந்த மார்க்கமும் சொல்லவில்லை. தயங்காமல் கேளுங்கள், பதில் சொல்ல மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடாதீர்கள்.