உறுப்பு மாற்று மருந்துகளும் உடலின் நோய் நினைவும்

ஒருமுறை தாக்கிய கிருமியை மனித உடல் எளிதில் மறப்பதில்லை. முதல் தாக்குதலின்போது பெருகிப் போரிடும் டி உயிரணுக்களில் பெரும்பாலானவை பணி முடிந்ததும் மடிகின்றன; எஞ்சிய சில, நினைவு உயிரணுக்களாகப் பல்லாண்டுகள் நிலைத்திருக்கின்றன. அதே கிருமி மீண்டும் வருமாயின், புதிய உயிரணுக்களைக் காட்டிலும் இவை விரைந்து செயற்படுகின்றன.

சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் இவ்வாற்றலே இடையூறாகிறது. பிறர் உறுப்பை உடல் அயற்பொருளாகக் கருதித் தாக்குவதால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நோயாளி தொடர்ந்து உட்கொள்ள வேண்டியுள்ளது.

மருந்துகள் செயற்படும் விதம்

சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவை, டி உயிரணுக்களின் பெருக்கத்திற்குத் தேவையான இன்டர்லூக்கின்-2 உற்பத்தியாவதைத் தடுக்கின்றன. மைக்கோபீனோலேட் உயிரணுப் பிளவையே தடுக்கிறது. பெலட்டாசெப்ட், டி உயிரணுவைத் தூண்டும் துணைச் சைகையை மறிக்கிறது. அச்சைகையை நினைவு உயிரணுக்கள் அவ்வளவாகச் சார்ந்திராமையால், அவை இம்மருந்துக்கு எளிதில் அடங்குவதில்லை. ரப்பாமைசினோ வியப்பளிப்பது. அளவறிந்து கொடுத்தால் எலிகளில் நினைவு உயிரணுக்களின் எண்ணிக்கையும் தரமும் உயர்வதை, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ரஃபி அகமது குழுவினர் 2009-இல் கண்டனர். ஆகவே, இம்மருந்துகள் யாவும் நோய் நினைவை ஒரே விதமாகப் பாதிப்பதில்லை. பொதுவாக அவை நினைவை அடியோடு அழிப்பதில்லை. அதன் செயலை மட்டுப்படுத்துகின்றன.

காசநோய் விழித்தெழும் அபாயம்

நம் நாட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2019-2021 தேசியக் காசநோய் ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரின் உடலில் காசநோய்த் தொற்று உள்ளது. இவர்களுள் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். டி உயிரணுக்கள் கிருமியை அடக்கி வைத்துள்ளன. அக்காவல் தளரும்போது கிருமி விழித்தெழக்கூடும். அப்போது சிகிச்சையும் சிக்கலாகிறது. காசநோய்க்கு முதன்மையான ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸ் போன்றவற்றைக் கல்லீரல் விரைந்து சிதைக்கச் செய்து, இரத்தத்தில் அவற்றின் அளவைக் குறைக்கிறது. நோய் குணமாகும் வேளையில் உறுப்பு இழக்கப்படும் நிலை நேரலாம்.

மறைந்துள்ள தொற்றைக் கண்டறியும் தோல் சோதனையும் இரத்தச் சோதனையும் நினைவு டி உயிரணுக்களின் மறுவினையையே அளக்கின்றன. அடக்கும் மருந்துகள் தொடங்கிய பின் சோதித்தால், தொற்று இருந்தும் இல்லையெனக் காட்டக்கூடும். எனவே சோதனை முன்கூட்டியே நடைபெறுவது இன்றியமையாதது. தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், உறுப்பு மாற்றுக்கு ஆயத்தமாவோரையும் தடுப்புச் சிகிச்சைக்கு உரியோராகச் சேர்த்துள்ளன. தொற்று இருப்பின், நோய் முற்றவில்லை என்பதை உறுதிசெய்து, ஐசோனியாசிட் மாத்திரையை ஆறு மாதங்கள் கொடுப்பது அதற்கான முறைகளுள் ஒன்று.

நெறி ஏட்டளவில் நின்றுவிடலாகாது. மாற்றுச் சிகிச்சைக்குப் பெயர் பதிவாகும்போதே சோதனைக்கும் ஏற்பாடு செய்தல் வேண்டும். நம் நாட்டில் சிறுநீரகம் ஈவோர் பெரும்பாலும் நெருங்கிய உறவினர். அவர்கள் அதனை ஒரு முறையே ஈய இயலும். சில மாத முன்னெச்சரிக்கை அக்கொடையைக் காக்கும்.