ஹெச்.எம். அம்மா எப்போ சாப்பிடுவாங்க?

உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியின் தலைமையாசிரியை மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், காலையிலிருந்து எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்திருப்பார் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? இதென்ன கேள்வி என்று சிரிக்காதீர்கள். நீர்க்கடுப்பு, தலைச்சுற்றல், தூக்கமில்லை என்று என்னிடம் வருகிற ஆசிரியைகளிடம் நான் முதலில் கேட்பதே இந்த இரண்டையும்தான். நாடி பார்ப்பதெல்லாம் அப்புறம்.

சித்த மருத்துவத்தில் 'வேகங்கள் 14' என்று ஒரு பாடம் உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் மனப்பாடமாக ஒப்பித்தது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, தும்மல், இருமல், இளைப்பு, கண்ணீர்... இப்படி உடம்பு தானாக எழுப்புகிற 14 உந்துதல்களை அடக்கக்கூடாது, அடக்கினால் இன்ன நோய் வரும் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள் நம் சித்தர்கள்.

திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. வயது 54. ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவையாக நீர்க்கடுப்பு என்று வந்தார். கூடவே ரத்த அழுத்தம், ராத்திரி 2 மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. இந்தப் பட்டியலைச் சொல்லி, "இதில் எதையெல்லாம் அடக்குறீங்கம்மா?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். பசி, தாகம், சிறுநீர், தூக்கம். கொஞ்சம் நிறுத்தி, "அழுகையையும் சேர்த்துக்கங்க டாக்டர். ஹெச்.எம். அழுதா ஸ்கூல் நடக்குங்களா?" என்றார்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து வீட்டுச் சமையல். எட்டே முக்காலுக்குப் பள்ளி. பிரேயர், லீவு போட்ட டீச்சருக்கு மாற்று, சத்துணவு, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய விவரம், திடீரென்று ஓர் அதிகாரி. டிபன் பாக்ஸைத் திறக்க மூன்று மணி ஆகிவிடும். பாத்ரூம் மைதானத்தைத் தாண்டி இருப்பதால் தண்ணீரே குடிப்பதில்லை! பெண்களுக்குச் சிறுநீர்த்தாரை நீளம் குறைவு. கிருமி சுலபமாக ஏறிவிடும். மாதவிடாய் நின்ற பிறகு அங்கே ஈரப்பசையும் குறைகிறது. இந்த நிலையில் தண்ணீரும் குடிக்காமல், வருவதையும் அடக்கினால் கேட்பானேன்?

ஆனால் ஒன்று, பள்ளிக்கூடத்தை அவர் நடத்துகிற விதம் அபாரம். மருந்து எழுதுவதை விட்டுவிட்டு நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"புதுசா ஒரு டீச்சர்கிட்ட பிரேயரை ஒப்படைச்சேன். முதல் வாரம் தடுமாறுச்சு. நான் ஜன்னல் பக்கம் போய் நிக்கவே இல்லைங்க. ஹெச்.எம். நின்னு பார்த்தா வேலை அவங்க கைக்குப் போகாது. மறுபடி நம்ம கைக்கே வந்துரும்."

இன்னொரு விஷயம் சொன்னார். ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குப் பள்ளியில் கடுமையான காய்ச்சல். அம்மாவுக்கு நாலு தடவை போன். அவர் பனியன் கம்பெனியில் வேலை. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். இரண்டு மணி நேரம் பிள்ளை பெஞ்சில் சுருண்டு கிடந்திருக்கிறது. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். ரெண்டு தெரு தள்ளி ஸ்டாண்டில்தான் இருந்திருக்கிறார். அவரைக் கூப்பிடலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. "பிள்ளைக்கு முடியலைன்னா அம்மாவுக்குத்தான் போன்னு நம்ம கையே பழகிப்போச்சு டாக்டர்." மறுநாளே எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு நம்பர் வாங்கி, யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரை முதலில் கூப்பிடுவது என்று மாற்றிவிட்டார். இப்போது அப்பாக்கள் வருகிறார்கள், தாத்தாக்கள் வருகிறார்கள். வகுப்பு எந்த செக்ஷன் என்று தெரியாமல் வராந்தாவில் முழிக்கிறார்களாம். முழித்தாலும் வருகிறார்கள், அதுதானே வேண்டும்.

2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். "அம்மாக்கள் என்னமா பேசறாங்க தெரியுங்களா! கூட்டம் முடிஞ்சதும் அரிசி ஊறப் போடணும்னு ஓடறதும் அவங்கதான்" என்றார்.

இது அவர் ஊர்க் கதை மட்டுமில்லை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-ல் எடுத்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் செலவிடுவது சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97. 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம் என்று சந்தோஷப்படுவதற்குள், ஆண்களும் ஒன்பது நிமிடத்தை உருவிக்கொண்டுவிட்டார்கள் பாருங்கள்!

அம்மையாரின் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. உள்ளே கூப்பிட்டு, "சார், காலையில் நீங்க சமைச்சா என்ன?" என்றேன்.

"எனக்கு ஆசைதாங்க. நான் ரசம் வெச்சா பின்னாடியே வந்து நின்னு உப்பு, புளி, கொதின்னு மார்க் போடறாங்க. மூணாம் நாள் கரண்டியை அவங்களே வாங்கிட்டாங்க. அதுக்கு மேல பேப்பரைத் தவிர எனக்கு என்னங்க வேலை?"

இந்தப் பக்கம் பார்த்தேன். அம்மையார் முகத்தில் லேசாகச் சிரிப்பு. "ஜன்னல் பக்கம் நிக்கறேன்கறீங்க" என்றார் மெதுவாக. நான் எதுவும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற ஆண்களையும் நான் நிறையப் பார்க்கிறேன். அஜீரணம், நெஞ்சு எரிச்சல், இனம் தெரியாத எரிச்சல். வீட்டில் தனக்கென்று ஒரு வேலை இல்லாதவர் உடம்பைத்தான் நோண்டிக்கொண்டிருப்பார். ஆகவே காலைச் சமையலை அவருக்கே மருந்தாக எழுதிக் கொடுத்தேன். வீட்டில் 80 வயது மாமியார் இருக்கிறார். "ஆம்பளைய அடுப்படியில நிறுத்திட்டாளே" என்று புலம்பலாம். எங்கள் தொழிலில் கஷாயம் காய்ச்சவும் லேகியம் கிண்டவும் அடுப்பு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். லேகிய அடுப்பில் கெளரவம், ரச அடுப்பில் மட்டும் குறைச்சலா?

இனி உங்களுக்கு. ஆசிரியையோ, கண்டக்டரோ, கடையில் நின்று வேலை பார்க்கிறவரோ, நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால் கைவைத்தியத்தோடு நிற்காதீர்கள். சிறுநீரையும் சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள். குளிர் காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, சிறுநீரில் ரத்தம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், சித்த மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லியும் நிறுத்த வேண்டாம். மேஜை மேல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு லிட்டர் பாட்டில். மணி அடித்து வகுப்பு மாறும்போது நீங்களும் எழுந்து போய்விட்டு வாருங்கள். மத்தியானம் நீர்மோர், வாரத்தில் இரண்டு நாள் சுரைக்காயோ வெள்ளரியோ. கறுப்பு உளுந்தங்களி ஐம்பது வயதுப் பெண்ணின் இடுப்புக்கு நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் கருப்பட்டியைத் தவிருங்கள். நெருஞ்சில் குடிநீர் நல்ல மருந்துதான், ஆனால் மருத்துவரைப் பார்த்து அளவு கேட்டுக் குடியுங்கள்.

இரண்டு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். இந்த முறை சிறுநீரில் கிருமி இல்லை. ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மாத்திரை தொடர்கிறது. மதியச் சாப்பாடு ஒன்றேகாலுக்கு வந்துவிட்டதாம். அந்த நேரத்தில் அலுவலக அறையை உதவித் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். ராத்திரித் தூக்கம்தான் இன்னும் சரியாகவில்லை. காலையில் ஆறு மணி வரை படுத்திருக்கப் பழக வேண்டுமே!

"ரசத்துல உப்பு இன்னும் கூடத்தாங்க இருக்குது" என்றார் அம்மையார். ரத்த அழுத்தக்காரருக்கு அது ஆகாது என்பதால், அதை மட்டும் சாரிடம் நானே சொல்லி அனுப்பினேன்.