பிள்ளை பெற்ற உடம்பின் நினைவு

“ரத்த குரூப் ஒண்ணுதானுங்களே, அப்புறம் ஏன் சேரலைங்கறாங்க?” சிறுநீரக மாற்றுக்காகப் பழனியிலிருந்து மதுரைக்கும் கோவைக்கும் அலையும் குடும்பங்களின் கேள்வி இது.

ரத்த குரூப் வாசல் கதவு மட்டுமே. உள்ளே இன்னொரு காவல் உண்டு. எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்கள் அவை. முதலாவதை 1958-இல் பிரான்சின் ழான் தோசே கண்டறிந்தார். தகப்பனிடமிருந்து பாதி, தாயிடமிருந்து பாதி என்று வருவதால், உடன்பிறந்தவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான்.

ஆயக்குடி கொய்யாத் தோட்டக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பதியன் போட்டு எடுத்த கன்று தாய் மரமேதான். விதையில் முளைத்தது வேறு. நாமெல்லாம் விதைக் கன்றுகள். மனிதரில் பதியனுக்கு நிகர், ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையர். 1954 டிசம்பர் 23-இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த சிறுநீரக மாற்று வென்றது அப்படிப்பட்ட இரட்டையரிடம்தான்.

மற்றவர்களுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளின் துணையால், அடையாளங்கள் அதிகம் ஒத்துப்போகாத கணவன் மனைவிக்கிடையிலும் இன்று மாற்று நன்றாகவே நடக்கிறது. பல வேளை தடுத்து நிறுத்துவது ‘கிராஸ் மேட்ச்’. கொடுப்பவரின் வெள்ளை அணுக்களோடு, பெறுபவரின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைக் கலந்து பார்ப்பார்கள். அணுக்கள் செத்தால், அந்த அடையாளங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் பெறுபவரிடம் முன்பே தயாராக இருக்கிறது என்று அர்த்தம்.

அது எங்கிருந்து வந்தது? ஏற்றிய ரத்தத்தால் வரலாம், முன்பு செய்த மாற்றால் வரலாம், கர்ப்பத்தாலும் வரலாம். என்னை உலுக்குவது கடைசிக் காரணம். வயிற்றுப் பிள்ளையிடம் தகப்பனின் அடையாளங்கள் பாதி. பத்து மாதம் அதைத் தாங்கிய உடம்பு, சில பெண்களிடம், அவற்றை எதிர்க்கவும் கற்றுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மறக்காமல் வைத்திருக்கும். நம் வீடுகளில் கணவனுக்கு மனைவி கொடுப்பதே வழக்கம். அபூர்வமாக ஒரு கணவர் “நான் தர்றேன்” என்று முன்வந்தால், குறுக்கே நிற்கக்கூடியது அவள் பிள்ளை பெற்ற தடம். அந்தப் பிள்ளைகளே கொடுக்க வந்தாலும் அதே தடை எழக்கூடும்.

இப்படிச் சேராத இரு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக் கொடுத்துக்கொள்ள உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் இடம் தருகிறது. இன்னொரு வழி, மூளைச்சாவு அடைந்தோரின் தானம். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றம் மருத்துவத் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபின் தமிழகம் அதில் வேகமெடுத்தது. 2023 முதல் தானம் தந்தவரின் உடலுக்கு அரசு மரியாதையும் உண்டு. ஆனால் அந்த வரிசையிலும், எதிர்ப்பொருள் மிகுந்த பெண்ணுக்குப் பொருந்தும் சிறுநீரகம் கிடைக்க நாளாகும்.

எத்தனை பிரசவம், எத்தனை பாட்டில் ரத்தம் ஏறியது என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் அம்மா. வீட்டில் யாருக்கும் தெரியாமல் கலைந்த கருவும் அந்தக் கணக்கில் சேரும்.