டெஸ்க்டாப்பை மாற்ற ஃபார்மேட் எதற்கு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் லினக்ஸ் பக்கம் திரும்ப அது ஒரு காரணம். தெரிந்தவர் யாராவது உபுண்டு போட்டுக் கொடுக்கிறார். 4 ஜிபி ரேமில் அதன் க்னோம் டெஸ்க்டாப் மூச்சு வாங்குகிறது. கடைக்கு எடுத்துப் போனால் பதில் தயாராக இருக்கும்: "இது சரிப்படாது சார், வேற லினக்ஸ் போடணும். ஃபார்மேட் பண்ணணும். உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும். ஆயிரம் ரூபா ஆகும்." இந்த நான்கில் ஒன்றுகூடப் பெரும்பாலும் தேவையில்லை; டெஸ்க்டாப்பை மட்டும் மாற்றினால் போதும்.

லினக்ஸில் டெஸ்க்டாப் என்பது இயங்குதளத்தின் மேல் தனியாக உட்காரும் ஒரு மென்பொருள் தொகுப்பு. மெனு, பேனல், ஜன்னல்கள், செட்டிங்ஸ் எல்லாம் அதன் பொறுப்பு. கே.டி.இ.யும் எக்ஸ்.எஃப்.சி.இ.யும் 1996-இல் தொடங்கியவை, க்னோம் 1997-இல். 2011-இல் க்னோம் 3 வந்து பழைய மெனுவைத் தூக்கியபோது, பிடிக்காதவர்கள் மாட்டே, சினமன் என்று தனி வழி போனார்கள். ஒரே கணினியில் இரண்டு மூன்றை வைத்துக்கொள்ளலாம். க்னோமின் லாகின் திரையில் உங்கள் பெயரைச் சொடுக்கியதும், பாஸ்வேர்டு கேட்கும் நேரத்தில், கீழே வலது மூலையில் சின்னதாக ஒரு பல்சக்கரம் தெரியும். அதைத் திறந்தால் நிறுவியிருக்கும் டெஸ்க்டாப்களின் பட்டியல் வரும். ஒன்றைத் தேர்ந்து உள்ளே போகலாம். பிடிக்கவில்லையென்றால் வெளியே வந்து பழையதற்கே திரும்பலாம். படங்களும் கடிதங்களும் இருந்த இடத்தில் இருக்கும். சுவருக்கு வேறு நிறம் அடிக்க யாரும் வீட்டை இடிப்பதில்லை.

இப்படி டெஸ்க்டாப்பை மாற்ற உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. இந்த டெஸ்க்டாப்களின் பெரும்பகுதி ஜி.பி.எல். போன்ற கட்டற்ற உரிமங்களின் கீழ் வருகிறது. பயன்படுத்தலாம், மாற்றலாம், நகலெடுத்து அடுத்தவருக்கும் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் இறக்கிவைத்ததைப் பென் டிரைவில் வாங்கிவருவது திருட்டு நகல் ஆகாது. நகலெடுக்கும் உழைப்புக்குக் கடைக்காரர் காசு கேட்கலாம், அதையும் உரிமம் அனுமதிக்கிறது. 'லைசென்ஸ் ஃபீஸ்' என்று எழுதிக் கேட்டால் மட்டும் எந்த லைசென்ஸ் என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: லினக்ஸில் ஓடுவதெல்லாம் கட்டற்றது அல்ல. கூகுள் குரோம், ஜூம் போன்றவற்றுக்கு வேறு உரிமம்.

உண்மையான தடை இணையம்தான். தினசரி டேட்டா தீர்ந்ததும் பல மொபைல் திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் 300 எம்பி இறங்கவே பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே இறக்கும் முன் கணக்குப் பாருங்கள். டெர்மினலில் ஒரு டெஸ்க்டாப் பேக்கேஜை நிறுவச் சொன்னால், நிறுவும் கருவியான ஆப்ட் உடனே வேலையைத் தொடங்காது. எவ்வளவு இறக்க வேண்டும், டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, தொடரலாமா என்று கேட்டு நிற்கும். அந்த இரண்டு வரியைப் படிக்காமல் ஒய் அழுத்துகிறவர்கள்தான் அதிகம். உபுண்டுவில் 'சுபுண்டு டெஸ்க்டாப்' என்ற முழுத் தொகுப்பைக் கேட்டால் துணைச் செயலிகள் ஒரு கூட்டமே வந்து இறங்கும்; கணினி தொடங்கும்போது தெரியும் லோகோகூட மாறிவிடும். 'எக்ஸ்.எஃப்.சி.இ.4' என்ற அடிப்படைப் பேக்கேஜை, பரிந்துரைக்கப்பட்டவை வேண்டாம் என்ற தெரிவோடு கேட்டால் அளவு நன்றாகக் குறையும்.

இணையம் வேறு இடத்தில் இருந்தால் அங்கிருந்து சுமந்து வரலாம். நண்பர் கணினியில் அதே லினக்ஸ், அதே பதிப்பு, அதே 64 பிட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே ஆப்ட்-கெட் கொண்டு நிறுவினால் இறக்கிய கோப்புகள் அதன் சேமிப்பு அடைவில் தங்கும். வெறும் ஆப்ட் என்றால் நிறுவி முடித்ததும் அழித்துவிடும். பலருக்குத் தெரியாத வித்தியாசம் இது. நண்பரிடம் ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜ்கள் மறுபடி இறங்காது என்பதால் உங்களுக்கு ஒன்றிரண்டு குறையலாம். அந்தச் சிக்கலுக்கென்றே ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவியை எழுதியவர், டெபியன் என்ற லினக்ஸின் உருவாக்குநர்களில் ஒருவரான ரித்தேஷ் ராஜ் சர்ராஃப். உங்கள் கணினிக்கு என்னென்ன வேண்டும் என்று அது ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். இணையம் உள்ள கணினியில் அதைக் கொடுத்தால் அவற்றை மட்டும் இறக்கிக் கட்டிக் கொடுக்கும். டெபியன்காரர்களுக்கு இன்னும் எளிது. அதன் முதல் டிவிடியிலேயே க்னோம், எக்ஸ்.எஃப்.சி.இ. போன்றவை அடங்கியிருக்கின்றன. ஒருவர் ஒருமுறை இறக்கினால் ஊருக்கே போதும்.

கூகுளில் தேடிக் கண்ட தளத்திலிருந்து ஒற்றை ஒற்றையாக டெப் கோப்புகளை எடுக்காதீர்கள். அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்து வருவதை ஆப்ட் டிஜிட்டல் கையொப்பம் பார்த்துத்தான் ஏற்கும். கையால் நிறுவும் கோப்புக்கு அந்தச் சோதனை கிடையாது. ஒரு லினக்ஸ் விநியோகத்தின் பேக்கேஜை இன்னொன்றில் கலப்பதும் ஆபத்து. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. உறவு நெருக்கம்தான், அதற்காக டெபியன் பேக்கேஜ்களை அதில் திணித்தால் சிக்கிக்கொள்ளலாம்.

புதியதைச் சேர்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. பழையதை நீக்கும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். க்னோமோடு வந்த வேண்டாத செயலி ஒன்றை நீக்கினால் 'க்னோம்' என்ற தாய்ப் பேக்கேஜும் கூடவே போகலாம். அது போனதும் அதன் பேரில் வந்தவையெல்லாம் 'இனி தேவையில்லை' பட்டியலில் விழக்கூடும். பிறகு அந்தப் பட்டியலை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையைக் கொடுத்தால் டெஸ்க்டாப்பும், சிலநேரம் நெட்வொர்க்கைக் கவனிக்கும் பேக்கேஜும் சேர்ந்து கழன்றுவிடலாம். மறுபடி இறக்க இணையம் இருக்காது. இடம் நெருக்கடியில்லை என்றால் பழைய டெஸ்க்டாப்பைச் சில மாதம் அப்படியே விட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

நிறுவும்போது நீலத் திரையோ ஊதாத் திரையோ வந்து, லாகின் திரையை யார் கவனிப்பது என்று கேட்கலாம். மவுஸ் அங்கே வேலை செய்யாது. ஏற்கெனவே இருப்பதைத் தேர்ந்து, டேப் விசையால் ஓகேக்குப் போய் எண்டர் தட்டுங்கள். புதிய டெஸ்க்டாப்பில் வைஃபை சின்னம் காணாமல் போனால் பதற வேண்டாம், அதற்கான சிறு செயலி வரவில்லை என்று அர்த்தம். டெர்மினலில் என்-எம்-டி-யு-ஐ என்று ஐந்து ஆங்கில எழுத்தைத் தட்டினால் நெட்வொர்க் பட்டியல் வரும். தமிழ்99 தட்டச்சு நின்றுபோவதும் சகஜம். தட்டச்சைக் கவனிக்கும் ஐபஸ் என்ற மென்பொருளை க்னோம் தானே தொடங்கிவைக்கும், மற்றவற்றில் பல அப்படிச் செய்வதில்லை. இம்-கான்ஃபிக் என்ற கருவியில் ஐபஸ்ஸைத் தேர்ந்து, வெளியேறி மறுபடி நுழைந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நிறுவும் நடுவில் கரண்ட் போனால், ஆப்ட்டின் அடியில் வேலை செய்யும் டிபிகேஜியிடம் பாதியில் நின்ற எல்லாவற்றையும் அமைத்து முடிக்கச் சொல்லும் கட்டளை உண்டு; விட்ட இடத்திலிருந்து தொடரும். திரையே கறுத்துவிட்டால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரையில் லாகின் செய்து அங்கிருந்தும் அந்தக் கட்டளையைக் கொடுக்கலாம். எதற்கும் முன்பு ஹோம் அடைவை ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.

இனி, ஏதாவது கெட்டுப்போனால் கிடைக்கக்கூடிய நிவாரணம். ஜி.பி.எல். உத்தரவாதம் எதையும் தருவதில்லை என்று அந்த உரிமமே சொல்கிறது. லினக்ஸை எழுதியவர்கள்மேலும், இலவசமாக வந்து உதவிய நண்பர்மேலும் நுகர்வோர் வழக்குக்கு இடமில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவசச் சேவையை விலக்கிவைத்திருக்கிறது. காசு வாங்கிய கடை அந்த விலக்கில் வராது. உங்களைக் கேட்காமல் டிஸ்க்கை அழித்தால் அது சேவைக் குறைபாடு என்று வாதாடலாம், பில் தர மறுத்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீரவில்லை என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. கணினியைக் கொடுக்கும்போதே ரசீதில் 'டேட்டாவை அழிக்கக் கூடாது' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.