கல்லில் ஏறாத பெயர்கள் – 9
சான்றிதழில் ஒரு வரி

சென்ற வாரம் ஃபேபியன் வேரின் கதையைப் பார்த்தோம். அவர் முயற்சியால் 1917 மே 21 அன்று அரச சாசனத்தோடு பிறந்த ஆணையம்தான் இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். ஏறத்தாழ 17 லட்சம் பேரின் பெயர்களை அது இன்று பராமரிக்கிறது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல் என்பது அதன் ஆதார விதி. இதையெல்லாம் படித்தால், போரில் செத்த எல்லோருக்கும் எங்கோ ஒரு கல் இருக்கிறது என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. கல் கிடைக்க முதலில் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். பட்டியலில் ஏற, செத்த தேதியும் செத்த காரணமும் சரியாக அமைய வேண்டும்.

தேதி விஷயம் எளிது. முதல் உலகப் போர் என்றால் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை. இரண்டாவது போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. துப்பாக்கிகள் 1918 நவம்பரிலேயே ஓய்ந்துவிட்டன. ஆனால் சட்டப்படி போர் முடிந்ததாக பிரிட்டன் அறிவித்தது 1921-ல்தான். இந்த எல்லைக்குள், ராணுவப் பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்திருந்தால் காரணத்தைப் பற்றிக் கேள்வியே கிடையாது. குண்டடி பட்டாலும் சரி, லாரி மோதினாலும் சரி, விஷக் காய்ச்சல் வந்தாலும் சரி, தற்கொலை செய்துகொண்டாலும் சரி, பெயர் ஏறிவிடும்.

சிக்கல், பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு வீட்டுக்கு வந்து செத்தவர்களிடம்தான் தொடங்குகிறது. அவர்களுடைய சாவு ராணுவ சேவையால் வந்தது, அல்லது சேவையால் முற்றியது என்று நிரூபிக்க வேண்டும். விதியைச் சொன்னால் வறட்சியாக இருக்கும். ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். இவன் கற்பனை ஆள். ஆனால் இவனைப் போல ஆயிரக்கணக்கானோர் உண்மையிலேயே இருந்தார்கள்.

லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளி. 1915-ல் படையில் சேர்கிறான். பிளாண்டர்ஸ் சேற்றுக்குள் ஒரு குளிர்காலம். இருமல் வருகிறது, பிறகு ரத்தம். காசநோய் என்கிறார் மருத்துவர். 1917-ல், போர்ப் பணிக்கு உடல் தகுதி இல்லை என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். கையில் ஒரு வெள்ளி பேட்ஜைக் கொடுக்கிறார்கள். தெருவில் நடக்கிற இளைஞனைப் பார்த்து, நீ ஏன் போருக்குப் போகவில்லை என்று பெண்கள் கோழைத்தனத்தின் அடையாளமாக வெள்ளை இறகை நீட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த அவமானத்திலிருந்து தப்பத்தான் பேட்ஜ். 1919 பிப்ரவரியில், அனாதைகளும் ஏழைகளும் போய்ச் சேரும் மருத்துவமனையில் உயிர் போகிறது. ஊர்ச் செலவில், பலரைச் சேர்த்துப் புதைக்கும் பொதுக்குழியில் அடக்கம்.

ராணுவத்தைப் பொறுத்தவரை 1917-லேயே அவன் கணக்கு முடிந்துவிட்டது. அவன் செத்த செய்தியை ஆணையத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் அவனை மறக்கவில்லை. சர்ச் வாசல் நினைவுத்தூணில் பெயர் இருக்கிறது. ஆணையத்தின் ஏட்டில் மட்டும் இல்லை.

இப்படி விடுபட்டவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே பிரிட்டனில் 2007 முதல் ஒரு தன்னார்வக் குழு வேலை செய்கிறது. ‘இன் ஃப்ரம் த கோல்டு’ என்று பெயர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், உள்ளூர் வரலாற்றில் பைத்தியம் பிடித்தவர்கள். நினைவுத்தூண் பெயர்களையும் ஆணையத்தின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இல்லாத பெயர் சிக்கினால் தேடல் ஆரம்பம்.

முதல் தலைவலி, ஆள் இவன்தானா என்பது. பெயர் ஜான் ஸ்மித் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதுமே. ராணுவ எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், 1920 வரை ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனியாக எண் கொடுத்தது. ஒரே எண்ணில் பல பேர் இருப்பார்கள். போதாததற்கு, பகுதிநேரச் சிப்பாய்களான பிராந்தியப் படைக்காரர்களுக்கு 1917-ல் பழைய எண்ணை எடுத்துவிட்டு ஆறு இலக்கப் புது எண் கொடுத்தார்கள். ஒரே மனிதன், இரண்டு எண்.

சேவை ஆவணத்தைப் பார்த்தால் எல்லாம் தெளிந்துவிடும். ஆனால் 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைட் தெருவிலிருந்த ராணுவக் கிடங்கின் மேல் ஜெர்மன் குண்டு விழுந்தது. முதல் போர்ச் சிப்பாய்களின் ஆவணங்களில் பாதிக்கும் மேல் சாம்பல். மிஞ்சியவை ஓரம் கருகி, தீயணைப்புத் தண்ணீரில் ஊறிய தாள்கள். ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே ஆய்வாளர்கள் அவற்றைச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் கைகொடுப்பவை ஓய்வூதிய அட்டைகள். நோயோடு திரும்பிய சிப்பாய்க்கும் செத்தவனின் மனைவிக்கும் பணம் கொடுப்பதற்காக ஓய்வூதிய அமைச்சகம் எழுதிவைத்தவை. அவற்றையும் அழித்துவிடலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் முடிவெடுத்திருந்தது. 2012-ல் வெஸ்டர்ன் ஃபிரண்ட் அசோசியேஷன் என்ற வரலாற்று ஆர்வலர் சங்கம் ஓடிவந்து வாங்கிக்கொண்டது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள்! பழைய காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுபவர்களை நாம் கேலி செய்கிறோம். அவர்கள் இல்லாவிட்டால் இந்தத் தொடரையே எழுத முடியாது.

கடைசியாக இறப்புச் சான்றிதழ். வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இதில்தான். தொழில் என்ற கட்டத்தில் பதிவாளர் ‘ஆலைத் தொழிலாளி’ என்று மட்டும் எழுதியிருந்தால் கொஞ்சம் கஷ்டம். கூடவே ‘முன்னாள் சிப்பாய்’ என்று படைப்பிரிவின் பெயரையும் சேர்த்திருந்தால் அதிர்ஷ்டம். இறப்புக்கான காரணம் ‘காசநோய்’ என்று இருந்தால், விடுவித்த காரணமும் செத்த காரணமும் கைகோத்துவிடும். அவசரத்தில் இருந்த ஒரு டாக்டர் வெறுமனே ‘இதயம் நின்றது’ என்று எழுதியிருந்தால்? நூறு வருஷம் கழித்து அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்ட வேண்டும். காலில் குண்டடி பட்டு விடுவிக்கப்பட்டவன் அடுத்த வருஷம் ஃப்ளூ காய்ச்சலில் செத்திருந்தால் பெரும்பாலும் கதவு திறக்காது. அந்தக் காய்ச்சல் ஊரெல்லாம் வந்தது; ராணுவ சேவையால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

தரைப்படை வழக்குகளை லண்டன் செல்சியில் இருக்கும் தேசிய ராணுவ அருங்காட்சியகம் ஆராய்கிறது. ஏற்றுக்கொண்டால் ஆணையத்தின் வேலை தொடங்குகிறது. அடக்கப் பதிவேட்டைப் புரட்டிக் குழியைக் கண்டுபிடித்துக் கல் நடுவார்கள். குழி தெரியாவிட்டால், சர்ரேயில் உள்ள புரூக்வுட் 1914–1918 நினைவகத்தில் பெயரைப் பொறிப்பார்கள். பிறகு எப்போதாவது குழி தெரியவந்தால் அங்கே கல் ஏறும்.

இந்தக் கறாரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டவருக்கெல்லாம் கல் என்றால் அந்தக் கல்லுக்கு மரியாதை இருக்காது. ஆனால், காகிதம் தொலைந்த இடத்தில் காகிதம் கேட்பது ஒன்று. காகிதமே எழுதப்படாத இடத்தில் கேட்பது அநியாயம். லங்காஷயர்காரனுக்கு இத்தனை தடையும் தாண்டக் கூடியவை, ஏனென்றால் அவன் பிறந்ததையும் செத்ததையும் யாரோ ஒரு குமாஸ்தா எழுதிவைத்திருக்கிறார். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படைக்குச் சுமை தூக்கிச் செத்தவர்களுக்கு அந்தக் குமாஸ்தாவும் இல்லை. நைரோபியில் கரியாகோர், தார் எஸ் ஸலாமில் கரியாக்கூ என்று இன்றும் பகுதிகள் இருக்கின்றன. ‘கேரியர் கோர்’ என்ற சுமைப்படையின் பெயர் உள்ளூர் நாக்கில் மாறி அப்படி நிலைத்தது. அந்தப் பேட்டைகளின் பெயரில்தான் அவர்கள் மிச்சம். நைரோபியில் அவர்களுக்கும் சேர்த்து வைத்த நினைவுச் சிலையின் கீழே, நீ செத்தாலும் உன் பிள்ளைகள் உன் பெயரை நினைப்பார்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கிறது. எழுதியவர் ரட்யார்டு கிப்ளிங். ஒரு பெயர்கூட அந்தச் சிலையில் இல்லை.

இது வெறும் மறதி அல்ல. கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா) ஆளுநர் குக்கிஸ்பெர்க், அந்நாட்டு மக்களுக்குத் தனிக் கல்லறைக் கல் புரியாது என்று 1923-ல் சொன்னது பதிவில் இருக்கிறது. ஆணையமே அமைத்த குழு 2021 ஏப்ரலில் இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றது அதன் அறிக்கை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் பென் வாலஸ் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகுதான் ஆணையம் தானே காலனி நாட்டு ஆவணக் காப்பகங்களுக்குள் இறங்கியது. 2025 ஜனவரியில் கேப் டவுனில் திறக்கப்பட்ட நினைவகத்தில், தொழிலாளர் படைகளில் செத்த 1,700-க்கும் மேற்பட்ட கறுப்பினத் தென்னாப்பிரிக்கர்களின் பெயர்கள் மரத்தூண்களில் இருக்கின்றன.

நம்மவர்கள் கதை? மதராஸ் சாப்பர்ஸும் கர்நாடிக் காலாட்படைகளும் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) போரிட்டன. பாஸ்ரா நினைவகத்தில் பிரிட்டிஷ்காரர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவின் பெயரும், இத்தனை பேர் என்ற எண்ணும் மட்டுமே. இங்கே நம் ஊரிலோ, செங்கம் அருகே எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. தொறுப்பூசலில், அதாவது கால்நடைக்காக நடந்த சண்டையில், இறந்த கருந்தேவக்கத்தியோடு, கூட நின்று கள்ளரைக் கடித்த நாய்க்கும் அதில் பெயர் உண்டு: கோவிவன். நாயின் பெயரைக்கூட விடாத ஊர்க்காரனைத்தான் பாஸ்ராவில் எண்ணிக்கையோடு முடித்துவிட்டார்கள்.

இங்கிலாந்திலேயே நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் போரில் பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை ஊருக்கு வெளியே பேட்சம் குன்றில் எரித்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் வெள்ளைப் பளிங்கில் ‘சத்ரி’ என்ற நினைவு மண்டபம் எழுந்தது. அழகான கட்டடம்தான். 53 பேரின் பெயர்கள் அதன் அருகே கல்லில் ஏறியது 2010-ல்.

வேலூர், திருவண்ணாமலை மாவட்ட வாசகர்களிடம், குறிப்பாகக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒரு சிப்பாயைக் கொடுத்த ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். போருக்குப் போன கொள்ளுத்தாத்தாவின் டிரங்குப் பெட்டி பரணில் கிடந்தால் இறக்கிப் பாருங்கள். முதல் போர்ப் பதக்கம் கிடைத்தால் அதன் விளிம்பைக் கவனியுங்கள்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். புளி போட்டுத் துலக்க வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். அவர் திரும்பி வந்து நோயில் செத்தவராக இருந்தால், செத்த தேதி மேலே சொன்ன எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் தாள், பென்ஷன் புத்தகம், பஞ்சாயத்து இறப்புப் பதிவு, எது கிடைத்தாலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆணையத்திடம் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.