ஆய்வுகூடச் சரக்கு சந்தைக்கு வந்த கதை

நல்ல சரக்கு என்றால் தானாக விற்றுப்போகும் என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான அனந்த் அகர்வாலின் அனுபவம் வேறு பாடம் சொல்கின்றது.

அவரது குழு 'ரோ' என்ற ஆராய்ச்சியில் ஒரே சிப்பில் 16 புரொசசர்களை வைத்தது. வவுனியாவில் ஒரு மொத்தக் கடையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மட்டும் பில் போட்டால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வரிசை நீளும். 16 பேரை நிறுத்தினாலும், எல்லோருக்கும் ஒரே கணக்குக் கொப்பி என்றால் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு புரொசசரும் பக்கத்திலுள்ளதோடு நேரே பேசும்படி அமைத்தார்கள்.

2004இல் அவர் 'டிலேரா' கம்பனியைத் தொடங்கினார். 2007இல் 64 புரொசசர் கொண்ட சிப் வந்தது. யாருக்கு விற்பது? சாதாரண மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரு வேலை முடிந்த பின் அடுத்தது என்று எழுதப்பட்டவை. அவற்றுக்கு 64 பேர் தேவையில்லை. இணையத் தகவலோ சிறு பொதிகளாக வருகின்றது. ஒவ்வொரு பொதியும் ஒரு தனி வாடிக்கையாளர் மாதிரி. பலரிடம் பிரித்துக் கொடுக்கலாம். எனவே வலையமைப்புக் கருவிகளே முக்கிய சந்தையாயின. லத்வியாவின் மைக்ரோடிக் கம்பனி இந்த 36 புரொசசர் சிப்பை வைத்து ரவுட்டர் விற்றது.

பின்பு கம்பனி கைமாறியது. 2014இல் ஈசிசிப், 2016இல் மெலனொக்ஸ், 2020இல் என்விடியா. இதற்கிடையில் 2018இல் லினக்ஸ் மென்பொருள் இந்தச் சிப் வகைக்கான ஆதரவை நீக்கியது. மைக்ரோடிக்கும் புதிய ரவுட்டர்களுக்கு வேறு சிப்புக்கு மாறியது.

ஒரு வியாபாரியாக எனக்கு இதில் இரண்டு விடயங்கள் தெரிகின்றன. விற்பவர், தன் சரக்கு யாருடைய வேலைக்குப் பொருந்தும் என்று முதலில் தேட வேண்டும். வாங்குபவர், அதைச் செய்தவன் கைமாறினால் தன் கதி என்ன என்று கேட்க வேண்டும்.

நமக்கு இரண்டாவதுதான் முக்கியம். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பில் மெசின் பழுதானால், கொழும்புக்கு அனுப்பித் திருத்தி எடுப்பதற்குள் பல நாள் வியாபாரம் போய்விடும். ஆகவே ரவுட்டரோ, கெமராவோ, பில் மெசினோ வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை வருடம் மென்பொருள் புதுப்பித்துத் தருவீர்கள்? பக்கத்தில் திருத்துபவர் யார்? என் கணக்குகளை வேறு மெசினுக்கு மாற்ற முடியுமா? பதிலை எழுத்தில் வாங்கிய பின்பே காசைக் கொடுங்கள்.