பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள்!



பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து, பழவங்காடியிலும் சாலைக் கடைவீதியிலும் குடியிருக்கும் உங்களில் பலர், மூன்று வயதுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று கலங்குகிறீர்கள். 'மாண்டிசோரி' என்ற பலகையைக் கண்டவுடன் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். அப்பெயரை எவரும் வைத்துக்கொள்ளலாம்.

இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி, 1907-இல் ரோமில் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகவே தம் முதல் 'குழந்தைகள் இல்லத்தை' ஆரம்பித்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார்.

ஆகவே, சேர்க்குமுன் ஒரு காலைப்பொழுது வகுப்பைக் கவனியுங்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கிறார்களா? உப்புத்தாள் எழுத்துகளைப் பிள்ளை தானே எடுத்து, விரலால் தடவிப் பழகி, திரும்ப வைக்கிறதா? அல்லது சாதனங்கள் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா? ஆசிரியை எங்கே பயிற்சி பெற்றவர்? எல்லாவற்றிற்கும் மேலாக, உங்கள் பிள்ளை தமிழில் தண்ணீர் கேட்டால் புரிந்துகொள்ள அங்கே ஒருவராவது உண்டா? மொழி புரியாத இடத்தில் சிறு பிள்ளை ஊமையாகிவிடும்.

கட்டணம் கட்ட இயலாதோர் கலங்க வேண்டாம். அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். வீட்டில் பயறு பிரிக்கவும், தண்ணீர் ஊற்றவும், துணி மடிக்கவும் பிள்ளையை விடுங்கள். சிந்தினால் அதட்டாதீர்கள், துடைக்கக் கற்றுக்கொடுங்கள். அந்த முறையின் அடிப்படையும் இதுவே.